கறுப்புக் கரை போட்ட சுவரொட்டி

தம்பி,

நேற்று முழுக்க உன் தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று ஒரு வரி மட்டும் அனுப்புகிறாய். உன்னுடைய அந்தப் "பிறகு" எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? நீ வடக்குக் கோடியில் இருக்கிற ட்ரொம்ஸோவுக்குப் போய், அங்கே ஓர் அறை எடுத்து, அந்த ஊர் இருட்டுக்கும் பழகி, எங்கள் முகமெல்லாம் உனக்கு மங்கிய பிறகுதான் வரும். அதனால்தான் எழுதுகிறேன். "ரெண்டு ஸ்ரேசன் தள்ளி இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுற ஒரே தாய் நீதான்" என்று அப்பா பகிடி பண்ணுகிறார். பண்ணட்டும். நேரில் கதைத்தால் நான் அழுவேன், இல்லாவிட்டால் ஏசுவேன். எழுதும்போது இரண்டையும் கொஞ்சம் அடக்கலாம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் யூட்டின் அம்மா ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தார். உயிரோடு இருக்கிறார். சண்டைக்குப் பிறகு அடைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டு, மன்னாரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாராம். அவர் உன்னிடம் ஒரு வேலை கேட்டிருக்கிறார். அதைச் செய்வதற்கு நீ பூட்டிவைத்திருக்கும் அச்சுக்கூடத்தை ஒரு தரம் திறக்கவேண்டும். இயந்திரத்தை விற்க ஆள் பார்க்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். விற்பதும் விடுவதும் உன் விருப்பம், ஆனால் அதற்கு முன் இதை வாசி. அவர் என்ன கேட்டார் என்று உடனே சொன்னால் நீ மிச்சத்தை வாசிக்கமாட்டாய். உன் குணம் எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை எல்லாம் என் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் அதற்கு வருவேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதை உனக்குள் ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாய், நான் கண்டது வேறு.

நீ இந்தத் தொழிலைத் தொடங்கியபோது நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்று உனக்கு நினைவிருக்கும். இங்கே ஒஸ்லோவில், ரொம்சோஸில் எங்கள் மாடியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பொறியியலும் மருத்துவமும் படிக்க, நீ யாரோ கிழவர் கைவிட்ட பழைய இயந்திரத்தை வாங்கி, ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துக்கொண்டு இருந்தாய். "உலகம் முழுக்கக் கணினியில அடிக்குது, உனக்கென்னடா விசரே?" என்று கேட்டேன். "அம்மா, ஸ்லாப் ஆவ்" என்று சிரித்தாய். ஆறுதலாக இருக்கச் சொல்கிறாராம் துரை! ஆனால் துப்புரவு வேலைக்காரருக்காக நீ அடித்த சுவரொட்டி நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், நாங்கள் கோப்பி குடிக்கும் அறைச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கண்ட நாளை உனக்கு நான் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்தேன். எழுத்துகள் தாளுக்குள் அமிழ்ந்திருந்தன, விரலுக்குத் தெரிந்தது. "இது யார் செய்தது, நல்லாயிருக்கு" என்றாள் மேலாளர். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய் நின்று சிரித்தேன். பெருமையை உன் முகத்துக்கு நேரே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று எனக்கொரு பயம். நீ தலைக்குத் துணி கட்டிய பெண்களுக்கு வேலை மறுப்பதைப் பற்றி அடித்தாய், பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட அகதிப் பிள்ளையைப் பற்றி அடித்தாய். ஒவ்வொன்றையும் நான் போய்ப் பார்த்தேன். நீ காணாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

அப்படியிருக்கும்போதுதான் யூட் எங்கள் வீட்டுக்கு வந்தான். மன்னார்க் கரையில் ஒரு ஊர், மீன்பிடிக்கிற குடும்பம், வேதக்காரப் பிள்ளை. அந்த நேரம் ஊரில் சமாதானம் என்று பேச்சு. பேச்சுவார்த்தைக்கு நடுவில் நிற்பதே நோர்வே. பிறகு எப்படி அவனை இங்கே இருக்க விடுவார்கள்? அவ்ஸ்லாக் என்ற மறுப்புக் கடிதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வேலை செய்யும் அனுமதியும் போயிற்று. அப்பாவுடன் முன்பு பாத்திரம் கழுவியவன் என்ற ஒரே உறவில் எங்கள் வரவேற்பறைச் சோபாவில் படுத்தான். ஒரு மாதத்துக்கு என்றுதான் சொன்னோம். அவன் வைக்கும் மீன்குழம்புக்காகவே உன் அப்பா அவனைப் போகவிடவில்லை. பகலில் உன் அச்சுக்கூடத்துக்கு வந்து உருளைக்கு மை பூசித் தந்தான். இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரித் திரிந்தீர்கள். எனக்கு ஒரு பிள்ளைதான் பிறந்தது, அந்தக் காலத்தில் சோறு போடும்போது கை தானாக இரண்டு கோப்பையை எடுக்கும்.

அவனைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று கடைசிக் கடிதம் வந்த கிழமைதான் நீ அந்தச் சுவரொட்டியைச் செய்தாய். சமாதான காலத்தில் நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போனபோது நீ யாழ்ப்பாணச் சுவர்களையே படம் எடுத்துக்கொண்டு நின்றாய். சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள்: கறுப்புக் கரை, நடுவில் முகம், கீழே பெயர், ஊர், பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு, இறந்த ஆண்டு. "அம்மா, இஞ்சை சனம் செத்தவையைச் சுவரில வைச்சுக் கும்பிடினம்" என்றாய். அந்த வடிவம் உன் மனதில் கிடந்திருக்கிறது. யூட்டின் முகத்தை லினோ என்கிற மெத்தென்ற தகட்டில் செதுக்கினாய். தடித்த கறுப்புக் கரை போட்டாய். அவன் பெயரை, ஊரை, பிறந்த ஆண்டை, அதன்பின் அந்தக் கோட்டைப் போட்டு, கோட்டுக்குப் பின்னால் வெறுமையாக விட்டாய். அடியில் நோர்வேஜிய மொழியில், "இந்த இடத்தை நிரப்பப்போவது யார்?" என்று கேட்டாய். காயப்போட்டிருந்த தாளைக் கண்டேன். "என்ன கோதாரியடா இது, உயிரோட இருக்கிறவனுக்கு?" என்று கத்தினேன். நீ பதில் சொல்லமுதல் யூட் சொன்னான்: "விடுங்கோ அக்கா. உயிரோட இருந்த யூட்டை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை. செத்தவனையாவது பார்க்கட்டும்." அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். நீயும் சிரித்தாய். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

அது பேசப்பட்டது, தம்பி. அதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. குறொன்லாந்தில், ரி-பான சுரங்க ரயில் நிலையங்களில், பல்கலைக்கழக வாசலில் எல்லாம் அந்த முகம் இருந்தது. நோர்வேக்காரர் நின்று வாசித்தார்கள். பத்திரிகைக்காரி ஒருத்தி வீட்டுக்கே வந்தாள். கையெழுத்து வைத்தார்கள், வழக்கறிஞர் ஒருவர் காசு வாங்காமல் வந்தார், வழக்கைத் திரும்பப் பார்க்கச் சம்மதித்தார்கள். உன் கையால் நடந்தது அது. ஆனால் சுவரை நோர்வேக்காரர் மட்டுமா பார்ப்பார்கள்? ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததை ஒரு வயதான தமிழர் கண்டிருக்கிறார். அவர் நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரியாதவர். முகம், கறுப்புக் கரை, பெயர், ஊர், ஆண்டு, கோடு. எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று யார் உற்றுப் பார்ப்பார்கள்? அவருடைய தங்கை யூட்டின் ஊரில் இருக்கிறார். அவர் நல்ல மனதோடுதான் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார், மனிதர் அழுதும் இருக்கிறார். அடுத்த நாள் அந்த ஊர்க் கோயிலில் துக்க மணி அடித்தார்கள்.

எங்களுக்கு விஷயம் தெரிந்து, அந்தக் கோயில் சுவாமியாரின் தொலைபேசிக்கு யூட் எடுக்க, அவனுடைய அம்மாவைக் கூட்டிவந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன், நீயும் நின்றாய். "அம்மா, நான் யூட். எனக்கு ஒண்டும் இல்லை. அது பிழையான கதை" என்றான். பிறகு அந்த மனிசி சொன்னது எனக்கு இப்போதும் காதுக்குள் நிற்கிறது. "தம்பி, நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ர பிள்ளை மாதிரியே கதைக்கிறாய். உன்ர தாய் புண்ணியம் செய்தவள். ஆனா இனி எடுக்காதை அப்பன், எனக்குத் தாங்காது." அவன் சின்ன வயதுக் கதையெல்லாம் சொன்னான். படகின் பெயரைச் சொன்னான், தகப்பன் அடித்த தழும்பைச் சொன்னான். "அவன் உங்களுக்குச் சொல்லியிருப்பான்" என்று வைத்துவிட்டார்.

நீ அன்றைக்கு "ஏன் அவ நம்புறா இல்லை?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாய். உனக்கா தெரியாது? உன் சித்தப்பா ஜெர்மனியில் வேலைத்தலத்தில் விழுந்து செத்தபோது நீ சின்னப்பிள்ளை. அப்பப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல். உன் அப்பா பொங்கலுக்கு எடுத்து முதலில் தானாகக் கதைப்பார். வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, திரும்ப எடுத்துத் தம்பியாகக் கதைப்பார். "ஓம் ஐயா, இஞ்சை சரியான குளிர். ஓம், சாப்பிட்டனான்." நீ கதவடியில் நின்று, "அப்பா ஏன் சித்தப்பா மாதிரிக் கதைக்கிறார்?" என்று கேட்டாய். உன்னை அதட்டி அறைக்குள் அனுப்பினேன். அப்பப்பா கண் மூடும்வரை அவருடைய இளைய மகன் உயிரோடுதான் இருந்தான். எங்களில் எத்தனை வீட்டில் இது நடந்தது! யூட்டின் அம்மாவே தன் மூத்த மகன் கடலில் செத்ததை ஆஸ்பத்திரியில் கிடந்த தன் புருசனுக்குத் தொலைபேசியில் இப்படித்தான் மறைத்தாராம். மூத்தவனாகக் கதைத்தது யார் தெரியுமா? யூட். தாய் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துத்தான் கதைத்தானாம். அவன் இதை என்னிடம் குசினியில் நின்று சொன்னான். பிறகு அந்தத் தாய் எந்தக் குரலை நம்புவாள்?

நீ விடவில்லை. அன்றைய பத்திரிகையை அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினாய். சுவாமியார் அதைக் கொண்டுபோய் அந்தத் தாய்க்குக் காட்டினார். "படத்தில எல்லாரும் உயிரோடதானே சுவாமி இருக்கினம்" என்றாராம். அவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார் என்று சுவாமியார் சொன்னார். யூட் அதற்குப் பிறகு குழம்பு வைக்கவில்லை. சோபாவின் நுனியில் இருப்பான், கூப்பிட்டால்தான் அசைவான். ஒரு நாள் குளித்து, சட்டை மாற்றி, தன்பாட்டில் போய், தானாகத் திரும்பிப் போகச் சம்மதம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். வழக்கறிஞர் தலையில் கை வைத்தார். இன்னும் கொஞ்ச மாதம், வென்றுவிடலாம் என்றார். நீ அவன் காலைப் பிடித்துக் கெஞ்சியதை நான் பார்த்தேன். "போகாதை அண்ணை, அங்கை திரும்பச் சண்டை தொடங்கிட்டுது." அவன் உன்னைத் தூக்கி நிறுத்தி, "டேய், எனக்கு வேற வழி தெரியேல்லை. அவ என்னைத் தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவா" என்றான். அவ்வளவுதான். அதற்கு எந்தத் தாய் மறுத்துப் பேசுவாள்? அவனுக்கு ஒரு குளிர்ச்சட்டையைக் கொடுத்துவிட்டு, மன்னாரில் இதை எங்கே போடப்போகிறான் என்று பிறகுதான் யோசித்தேன்.

போய்ச் சேர்ந்தான் என்று ஒரு தரம் செய்தி வந்தது. அதன்பின் சண்டை அந்தக் கரையால் வந்து ஊர்களை எல்லாம் துடைத்துக்கொண்டு கிழக்கே போனது. சனமும் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பனிக்குள் நின்றோம். எல்லோரும் உன்னிடம் வந்து, பதாகை அடித்துத் தா, சுவரொட்டி அடித்துத் தா என்று கேட்டார்கள். நீ ஒரு எழுத்தும் கோக்கவில்லை. "நான் நோட்டீஸ் அடிச்சு ஒரு ஆளைச் சாகடிச்சது போதும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். நான் என்ன சொல்லியும் உன் காதில் ஏறவில்லை. சண்டை முடிந்தபின் கதவைப் பூட்டினாய். அந்த லினோத் தகட்டை எறிந்துவிட்டேன் என்றாய். அப்பா அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இனி அவர் சொன்னதைச் சொல்கிறேன். எங்கள் இலக்கத்தை யூட் அவருக்குப் பாடமாக்கிவிட்டிருக்கிறான். நான் யாரென்று சொன்னதும், "பிள்ளை, அவன் சொன்ன அக்கா நீங்களோ? என்ர பிள்ளைக்குச் சோறு போட்டனீங்கள்" என்று அழத் தொடங்கிவிட்டார். பிறகு அவர் தானாகவே சொன்னார். "வந்தவன், பிள்ளை. படலையைத் திறந்துகொண்டு வந்தவன். நான் பேயெண்டு கத்தினனான். பிறகு கிட்டப் போய் முகத்தைத் தடவினன், அந்தத் தழும்பைத் தடவினன். அவன்தான். ஓடின இடமெல்லாம் என்னைத் தோளில சுமந்தவன். அவன் இல்லாட்டி நான் முதல் இடப்பெயர்விலேயே விழுந்திருப்பன்." கடைசியில், சண்டைக்குள்ளிருந்து எல்லோரும் வெளியே வந்த இடத்தில், வரிசையில் நின்றவனை விசாரிக்கவேண்டும் என்று ஆமிக்காரர் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்களாம். "அம்மா, நீங்கள் போய் நிழலில இருங்கோ, வாறன்" என்று சொன்னானாம். அவ்வளவுதான், தம்பி. அதன்பின் அவனை அவரும் காணவில்லை, ஒருவரும் காணவில்லை. இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் உனக்காகத்தான் மன்னிப்புக் கேட்டேன். "என்ர மகன் அந்த நோட்டீஸை அடிச்சதாலதானே அவன் வந்தவன், அம்மா" என்று சொல்லி அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஓம் பிள்ளை. அதாலதான் வந்தவன். அதாலதான் நான் அவனைக் கண்டனான்." கோபமாகச் சொல்லவில்லை. நன்றி மாதிரியும் இல்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. நீ கொன்றாய் என்று அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் உனக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ குற்றமில்லாதவன் என்று நான் பூசி மெழுகப்போவதில்லை. அந்தக் கரையைப் போடமுதல் எங்களில் ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் அவன் தன் காலால் தாயிடம் போனவன். அவனுடைய அந்த முடிவையும் நீயே உன் தலையில் போட்டுக்கொண்டால், அவனுக்கென்று என்ன மிஞ்சும்? ட்ரொம்ஸோவுக்குப் போ. அங்கேயும் நிலவறைகள் இருக்கும், அநியாயமும் இருக்கும். போகாமல் இருந்தாலும் எனக்குச் சந்தோசம்தான், அதை நான் மறைக்கவில்லை.

அவர் கேட்டது இதுதான். ஓடிய ஓட்டத்தில் எல்லாம் போய்விட்டது, மகனுடைய படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் படங்களோடு முகாம் வாசலிலும் அலுவலக வாசலிலும் நிற்கிறார்கள். வெளியே வருகிறவர்களிடம் காட்டி, இவனைக் கண்டீர்களா என்று கேட்கிறார்கள். இவர் வெறுங்கையோடு நிற்கிறார். "எல்லாரும் படத்தைக் காட்டிக் கேக்கினம். நான் வாயால சொல்லிக் கேக்கிறன், பிள்ளை. கறுப்பு, உயரம், நெத்தியில தழும்பு எண்டு. ஆருக்கு விளங்கும்?" நாங்கள் எடுத்த சின்னப் படங்கள் இருக்கின்றன, அனுப்புகிறோம் என்றேன். சின்னது வேண்டாமாம். வாசலுக்கு அங்காலே நிற்கிறவர்களுக்கும் தெரியவேண்டுமாம். "உங்கட மகன் பெரிசா அடிச்சவன் எண்டு யூட் சொன்னவன். தன்ர முகம் மாதிரியே இருந்தது எண்டவன். அதை அடிச்சு அனுப்பச் சொல்லுங்கோ. கறுப்புக் கரை போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு போதுமாம். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் போடட்டாம். சிங்கள எழுத்து உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதையும் செதுக்கு. தொலைபேசியை வைக்கப்போகும்போது இன்னொன்று கேட்டார். மாரி தொடங்கிவிட்டது, வாசலில் கூரை இல்லை, நனைந்தால் அந்த மை கரைந்துபோகுமோ என்று. கரையாது அம்மா, என் பிள்ளை அடித்தால் கரையாது என்று சொல்லிவிட்டேன். சரிதானே, தம்பி?

அம்மா